எள்ளு விளைகிற ஊரில் எள்ளில்லாத ஹம்முஸ்

மெடிட்டரேனியன், அதாவது மத்தியதரைக் கடல் பக்கத்துச் சாப்பாடு போடுகிற ஒரு கடைக்குப் போய் வந்தோம். மீன் அருமை. கத்தரிக்காய் நல்லது. ஹம்முஸ் என்கிற கொண்டைக்கடலைச் சம்பல் சரியில்லை, தபூலே என்கிற இலைச் சலாட் அறவே சரியில்லை, ரொட்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பரிமாறிய பொடியன்கள் தங்கமான பிள்ளைகள். பில் எங்கள் பக்கத்துக்குக் கொஞ்சம் கூடத்தான். போகலாமா விடலாமா என்று மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்களுக்கு இவ்வளவும் போதும். மிச்சம் நீளமாகப் போகும், ஏனென்றால் அன்றிரவு அந்த மேசையில் இருந்து யோசித்த பல விஷயங்கள் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

கடையின் பெயரைப் போடவில்லை. வன்னிக்குள், ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே என்று வைத்துக்கொள்ளுங்கள். இளம் ஆட்கள் கடன்பட்டுத் தொடங்கிய கடை, ஒரு இரவுச் சாப்பாட்டை வைத்து அவர்களுடைய பிழைப்பில் மண் போட எனக்கு விருப்பமில்லை. அதற்காக "எல்லாம் சூப்பர்" என்று எழுதி ஐந்து நட்சத்திரம் குத்திவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. கொத்துரொட்டியும் பிரியாணியும் ஃபிரைட் ரைஸும்தான் ஓடும் என்று எல்லோரும் சொல்கிற இடத்தில் ஒருவர் துணிந்து வேறொன்றைச் செய்து பார்க்கிறார் என்றால், சாப்பிட்டதை உள்ளபடி சொல்வதுதான் நாங்கள் அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை.

நாங்கள் போனது தங்கச்சியின் முதல் சம்பளத்தில். தங்கச்சி என்றால் என் சின்னம்மாவின் மகள், இப்போதுதான் ஆசிரிய நியமனம் கிடைத்திருக்கிறது. எங்கே சாப்பிடப் போகலாம் என்று கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. "அண்ணா, அந்த மெடிட்டரேனியன் கடைக்குத்தான். அம்மா அங்கை இருந்து செய்து குடுத்த சாப்பாட்டை, அம்மாவை மேசையில இருத்தி ஒருத்தர் கொண்டுவந்து வைக்கவேணும்."

சின்னம்மா பெய்ரூட்டில் வீட்டு வேலை செய்தவர். 2009க்குப் பிறகு முகாமிலிருந்து வந்து, காணியைத் துப்புரவாக்கித் தகரக் கொட்டில் போட்டு, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த காசு அத்திவாரத்தோடும் அரைச் சுவரோடும் முடிந்து, மிச்சத்துக்கு வாங்கிய கடன் வட்டியில் ஏறிக்கொண்டு போன காலத்தில், சித்தப்பாவின் காலில் காயம் ஆறாமல் இருந்த காலத்தில், அவர் போனார். எங்கள் பகுதியிலிருந்து அப்படிப் போன பெண்களில் ஒருத்தியாவது இல்லாத ஒழுங்கையைக் காண்பது கஷ்டம். குவைத், சவூதி, கட்டார், ஜோர்தான், லெபனான். லெபனானில் வேலைக்கு எடுத்தவரின் பொறுப்பில்தான் விசா, அவர் விட்டால்தான் இன்னொரு வீட்டுக்கு மாறலாம், அந்த முறைக்கு கஃபாலா என்று பெயர். சின்னம்மாவின் கடவுச்சீட்டு வீட்டுக்கார அம்மாவின் அலுமாரிக்குள்ளேயே இருந்தது. அடிக்கிற வீடு இல்லை, சம்பளம் தராத வீடும் இல்லை, அந்த வகையில் தான் புண்ணியம் செய்தவள் என்று இன்றைக்கும் சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குடும்பம் முழுவதும் கூடும். மேசை நிறையச் சின்னச் சின்னக் கோப்பைகள், அவர்கள் அதற்கு மெஸே என்பார்கள், அத்தனையும் சின்னம்மாவின் கை. எல்லோரும் எழும்பின பிறகு குசினியில் நின்றபடி மிச்சத்தைச் சாப்பிடுவார்.

2019 கடைசியில் லெபனானின் காசு விழத் தொடங்கியபோது டொலரில் வந்த சம்பளம் நின்றது. 2020 ஆகஸ்ட் 4ஆம் திகதி பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று வெடித்தது, இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர் இருந்த அஷ்ரஃபியே பகுதி துறைமுகத்துக்குக் கிட்ட. வீட்டின் கண்ணாடி முழுவதும் உள்ளே கொட்டியது. எங்கள் ஊரில் பார்க்காததையா அங்கே பார்த்தேன் என்பதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசமாட்டார். அடுத்த வருஷம் வீட்டுக்கு வந்துவிட்டார்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

மெனு தடித்த அட்டையில், படங்களோடு. மத்தியதரைக் கடலைச் சுற்றி இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன, அந்த மெனுவில் இத்தாலியின் பீட்சாவும் பாஸ்டாவும், கிரேக்க சலாட், துருக்கிக் கபாப், லெபனானின் ஹம்முஸ், தபூலே, ஃபலாஃபல் எல்லாம் ஒரே கடையில் ஒரே குசினியில் என்று போட்டிருந்தது. கடைசி இரண்டு பக்கங்களில் ஃபிரைட் ரைஸும் டெவில்ட் சிக்கினும். அதைக் குறையாகச் சொல்லமாட்டேன், அந்த இரண்டு பக்கங்கள்தான் கடை வாடகையைக் கட்டுகின்றன என்பது பக்கத்து மேசைகளைப் பார்த்தாலே விளங்கியது.

முதல் பக்கத்தில் "இதயத்துக்கு நல்ல மெடிட்டரேனியன் உணவு" என்று ஒரு பெட்டிக்குள் எழுதியிருந்தார்கள். சித்தப்பாவுக்குச் சீனி வருத்தம், அதை இரண்டு தரம் வாசித்தார். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1958இல் ஏழு நாடுகளில் தொடங்கிய ஆய்வுக்குப் போகும். அதில் கிரேக்கத்தின் கிரீட் தீவுக் கமக்காரர்களிடம் மாரடைப்பு மிகக் குறைவாக இருந்தது. அவர்கள் சாப்பிட்டது ரொட்டி, பருப்பு வகைகள், கீரை, காய்கறி, பழம், ஒலிவ் எண்ணெய், கொஞ்சம் மீன், இறைச்சி எப்போதாவது. தோட்ட வேலை செய்து நடந்து திரிந்த மனிதர்கள். 2010இல் யுனெஸ்கோவும் இந்த உணவு முறையைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெட்டிக்கு நேர் கீழே இருந்த படம் சீஸ் உருகி வழிகிற ஷவர்மா. சித்தப்பாவுக்கு மீனும் சலாட்டும் என்று தங்கச்சி முடிவு செய்துவிட்டாள்.

முதலில் ஹம்முஸ் வந்தது. பார்வைக்குக் குறை சொல்ல ஏலாது. கோப்பையின் நடுவில் கரண்டியால் சுழற்றிக் குழி செய்து, எண்ணெய் விட்டு, மேலே சிவப்பாகத் தூள் தூவியிருந்தார்கள். சின்னம்மா ரொட்டித் துண்டால் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தார். பிறகு கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, விரல் நுனியால் தொட்டு, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த தங்கச்சியின் முகம் விழுந்ததை நான் கண்டேன்.

"இதுக்குள்ள எள்ளு இல்லை பிள்ளை. மயோனைஸ் விட்டுக் குழைச்சிருக்கினம். கடலையும் ரின்னில அடைச்சு வந்த கடலை. கோது அப்பிடியே கிடக்கு."

நானும் தொட்டுப் பார்த்தேன். நெருநெருவென்று கடலைக் கோது விரலில் பட்டது, பிறகு மயோனைஸின் இனிப்பு நாக்கில் நின்றது.

ஹம்முஸ் என்பது கடலைச் சம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் சின்னம்மா சொல்லிக் கேட்டேன், அதில் பாதி வேலை எள்ளில். கடலையை முதல் நாள் இரவே அப்பச்சோடா கொஞ்சம் போட்டு ஊறவைக்க வேண்டும், சோடா கோதைக் கழற்றும். அடுத்த நாள் விரலால் அழுத்தினால் கூழாகிற அளவுக்கு அவிக்க வேண்டும், நாங்கள் சுண்டலுக்கு அவிக்கிற பதம் காணாது. தண்ணீரில் போட்டுக் கையால் அளைந்தால் கோது மிதந்து வரும், அள்ளி எறிய வேண்டும். எள்ளைக் கோது நீக்கி, நிறம் மாறாமல் இளஞ்சூட்டில் வறுத்து அரைத்த விழுதுக்குத்தான் தஹினி என்று பெயர். உள்ளி, உப்பு, தேசிக்காய்ப்புளியோடு அந்த விழுதைச் சேர்த்தவுடன் அது கட்டிப்பட்டு இறுகும், புதிதாகச் செய்கிறவர்கள் பழுதாய்ப் போய்விட்டது என்று பயந்துவிடுவார்கள். பயப்படாமல் ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடித்தால் இளகி வெள்ளை வெளேரென்று வரும். அதற்குப் பிறகுதான் கடலை. "வெள்ளையாய் வராட்டி மடம் தொடமாட்டா" என்றார். மடம் என்று அவர் சொல்வது அந்த வீட்டுக்கார அம்மாவை.

இதை எழுதுகிறபோதுதான் எனக்கு ஆத்திரம் வருகிறது, அந்தக் கடைப் பொடியன்கள் மீது இல்லை. எள்ளு எங்கே விளைகிறது? காலபோக நெல்லு வெட்டி முடிந்த பிறகு, தண்ணீர் பாய்ச்ச வழியில்லாத மேட்டுக் காணிகளில் சித்திரை மழையை நம்பி எள்ளு விதைக்கிறவர்கள் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கிறார்கள். அதிகம் தண்ணீர் கேட்காத பயிர், மழை தவறி வெட்டுகிற நேரம் பெய்தால் மட்டும் எல்லாம் போகும். விளைந்ததை மூட்டையாகக் கட்டி வியாபாரியிடம் கொடுத்துவிடுவார்கள், அவர் சொல்கிற விலைதான் விலை. அந்த எள்ளிலிருந்து ஒரு படி இறங்கி வந்தால் நல்லெண்ணெய், இன்னொரு படி இறங்கினால் எள்ளுப்பாகு. அதற்கு மேல் எங்களுக்கு யோசனை ஓடவில்லை. தஹினி போத்தல் கப்பலில் வருகிறது, கொழும்பு சூப்பர்மார்க்கெட்டில் விற்கிற விலையைப் பார்த்தால் ஒரு சின்னக் கடை அதை வாங்கி ஹம்முஸ் செய்து கட்டுப்படியாக்குவது சிரமம் என்பது எனக்கும் விளங்குகிறது. ஆனால் எள்ளை ஊறவைத்து, சாக்கில் போட்டுத் தேய்த்து, கோதைக் கழுவி எடுக்கிற வேலை எள்ளுப்பாகுக்காக எங்கள் அம்மம்மாக்கள் காலம் காலமாகச் செய்ததுதானே. அந்தக் கோது நீக்கிய எள்ளை இடிக்காமல் கிரைண்டரில் விட்டு, நெடுநேரம், எண்ணெய் கக்கும்வரை அரைத்தால் சரி.

ஃபலாஃபல் பரவாயில்லை. வெளியே மொறுமொறுவென்று, உள்ளே பச்சை நிறமாக, மல்லியிலை தாராளமாகப் போட்டிருந்தார்கள். அவித்த கடலையில் செய்தால் எண்ணெயில் கரைந்துவிடும், ஊறின பச்சைக் கடலையைத்தான் அரைக்க வேண்டும், அதைச் சரியாகச் செய்திருந்தார்கள். கடலைப்பருப்பு வடை சுடத் தெரிந்த ஊரில் அது பிழைக்காது என்று சித்தப்பா சொன்னார். எகிப்தில் கடலைக்குப் பதிலாகப் பெரிய அவரை விதையில் செய்வார்களாம், சின்னம்மா இருந்த வீட்டில் இரண்டையும் கலப்பார்களாம்.

சுட்ட கத்தரிக்காய்க்கு நான் முழுப் புள்ளி கொடுப்பேன். தணலில் நேரே போட்டுத் தோல் கருகச் சுட்டிருந்தார்கள், வாயில் வைத்ததும் புகை மணம். தஹினி இல்லாத குறையைத் தயிர் போட்டுச் சமாளித்திருந்தார்கள், அதுவும் எங்கள் பக்கத்துச் சட்டித் தயிர், கத்தி வைத்து வெட்டக்கூடிய தயிர். எங்கள் வீடுகளில் கத்தரிக்காயைச் சுட்டு, பிசைந்து, பச்சைமிளகாய், வெங்காயம், தேங்காய்ப்பால், புளி விட்டுச் செய்கிற சம்பலின் அடுத்த வீட்டுப் பிள்ளை அது. சின்னம்மா அந்தக் கோப்பையை என் மகளிடமிருந்து எடுத்துத் தன் கோப்பையில் இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார். தங்கச்சிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

தபூலேயைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. அது இலைச் சாப்பாடு. பார்ஸ்லி இலைதான் முக்கால்வாசி, புதினா கொஞ்சம், தக்காளி, வெங்காயம், நொறுக்கிய கோதுமை கைப்பிடியளவு, தேசிக்காய், ஒலிவ் எண்ணெய். எங்களுக்கு வந்தது கோவாவும் வெள்ளரிக்காயும் வெட்டிப் போட்ட ஒரு சலாட், பச்சை என்று சொல்ல மேலே நாலு இலை. "தபூலே எண்டால் கோப்பை பச்சையாய் இருக்கவேணும்," சின்னம்மா சொன்னது அவ்வளவுதான், தொடவில்லை. பார்ஸ்லி நுவரெலியாப் பக்கமிருந்து லொறியில் வரவேண்டும், இந்த வெயிலுக்கு வந்து சேரும்போது பாதி வதங்கிவிடும். அப்படியென்றால் மெனுவிலிருந்து அதை எடுத்துவிடலாம். வல்லாரையை நூல் போல அரிந்து சம்பல் போடுகிற கைகள் நிறைந்த ஊர் இது, இலையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கூர்க் கத்தியால் ஒரே தரம் அரிகிற அந்த வேலையேதான் தபூலேக்கும். வல்லாரையில் செய்து அதற்கு வேறொரு பெயர் வைத்தால் நான் காசு கொடுத்துச் சாப்பிடத் தயார்.

ரொட்டி. பீட்டா என்று போட்டிருந்தார்கள், பையில் அடைத்து வந்த ரொட்டியை மைக்ரோவேவில் சூடாக்கிக் கொண்டுவந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் தோல் மாதிரி இழுபட்டது. இது எனக்குப் பெரிய மனக்குறை, ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் தொட்டுச் சாப்பிடுகிற சாமான் அதுதான். பீட்டா பூரி போல ஊதி உள்ளே வெறுமையாக வருவதற்குக் காரணம் மாவிலுள்ள தண்ணீர் ஒரேயடியாக ஆவியாவது, அதற்குக் கடுஞ்சூடு வேண்டும், வீட்டு ஓவன் திணறும். கடுஞ்சூடு எங்கே இருக்கிறது? இன்னும் விறகு எரிக்கிற பாண் பேக்கரிகள் எங்கள் பக்கம் இருக்கின்றன, பின்னேரப் பாணுக்காகப் போறணை தகதகவென்று காய்ந்துகொண்டிருக்கும். ஒரு பேக்கரிக்காரரோடு பேசி, நாளுக்கு நூறு ரொட்டி என்று ஒழுங்கு செய்தால், பையில் அடைத்ததை வாங்குவதைவிட மலிவாகவே முடியும் என்று நினைக்கிறேன்.

இனி மீன். இதற்காக நான் இன்னொரு தரம் போவேன்.

அன்று காலை முல்லைத்தீவுக் கரையில் எடுத்த விளைமீன். முழு மீனாக, இரண்டு பக்கமும் சரிவாகக் கீறி, உப்பும் மிளகும் தேசிக்காயும் மட்டும் தடவி, சிரட்டைக்கரித் தணலில் வாட்டியிருந்தார்கள். மசாலா இல்லை, கறித்தூள் இல்லை. சித்தப்பா கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தார், தூள் போடாத மீன் அவருக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு. முதுகுப் பக்கத்தில் விரலால் தள்ளியதும் சதை பாளம் பாளமாக, முள்ளை விட்டுத் தானாகக் கழன்றது, உள்ளே ஈரம் காயவில்லை, வெளியே தோல் உப்புப் பொரிந்து மடமடவென்றிருந்தது. நல்ல மீனுக்கு வேறொன்றும் வேண்டாம் என்பதைக் கரையில் வாழ்கிறவர்கள் எப்போதும் அறிவார்கள். வள்ளத்தால் இறங்கி வந்த மீனைச் சுட்டுத் தின்கிறவர்கள் முல்லைத்தீவிலும் இருக்கிறார்கள், சைப்பிரஸிலும் இருப்பார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வெள்ளைச் சோஸ். மயோனைஸ்தான் என்று நினைத்துத் தள்ளி வைத்தேன். சின்னம்மா ஒரு விரலில் தொட்டு நக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி, இதை ஆர் செய்தது?"

அது தூம் என்கிற உள்ளிச் சோஸ். உள்ளியும் உப்பும் தேசிக்காயும் எண்ணெயும்தான், முட்டை கிடையாது. உள்ளியை விழுதாக்கி எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடிக்க வேண்டும், அவசரப்பட்டு ஊற்றினால் பிரிந்து எண்ணெய் வேறு உள்ளி வேறாக நிற்கும். பரிமாறின பொடியன் பயந்துபோய் உள்ளே ஓடினான், ஏதோ முறைப்பாடு என்று நினைத்திருக்க வேண்டும். தணலடியில் நிற்கிற பிள்ளை வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தான், இருபது வயது இருக்கும், கரைப்பக்கத்துப் பிள்ளை. தொலைபேசியில் வீடியோ பார்த்துப் பழகினதாம், மூன்று நாலு தரம் பிரிந்து போனதாம். சின்னம்மா அவனிடம், உள்ளியின் நடு முளையை எடுத்துவிடு, கைப்புப் போகும், ஐஸ் தண்ணி ஒரு கரண்டி விடு, இன்னும் வெளுக்கும் என்று சொன்னார். அவன் "ஓம் அன்ரி, ஓம் அன்ரி" என்று கேட்டுக்கொண்டு நின்றான். அந்த இரவில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான். பெய்ரூட்டில் யாரும் சின்னம்மாவிடம் இது எப்படி என்று கேட்டு நின்றிருக்க மாட்டார்கள்.

இனிப்புக்கு பக்லாவா பெட்டியிலிருந்து வந்தது, பாகு மணத்தில் பழையது. மகளுக்கு ஐஸ்கிரீம். அவ்வளவுதான்.

பில் பத்து வீதச் சேவைக் கட்டணத்தோடு 14,000 ரூபாவைத் தாண்டியது. புது ஆசிரியைக்கு அது சிறிய காசு இல்லை, நான் பாதி போடுகிறேன் என்றதற்கு அவள் விடவில்லை. இரண்டு ஹம்முஸ் கோப்பைகளுக்கும் தபூலேக்கும் ரொட்டிக்கும் போனதுதான் மனதை உறுத்துகிறது. மீனுக்கு எடுத்தது நியாயமான விலை.

கிளம்புகிற நேரத்தில் முதலாளிப் பொடியன் மேசைக்கு வந்தார். கட்டாரில் ஒரு ஹோட்டலில் பரிமாறுகிற பக்கம் வேலை செய்துவிட்டு வந்தவர், பணிவான பிள்ளை. எப்படி இருந்தது என்று கேட்டார், சின்னம்மா மறைக்காமல் சொன்னார். அவருடைய பதில்களையும் சொல்ல வேண்டும், அவை ஒன்றும் சாட்டு இல்லை. தஹினி வாங்கித் திறந்தால் முடிவதற்குள் காலாவதியாகிறது. நல்ல ஒலிவ் எண்ணெய்க்கு விலை கொடுக்க முடியவில்லை, உலகத்திலேயே அதிகம் எண்ணெய் எடுக்கிற ஸ்பெயினில் 2022, 2023இல் வந்த வரட்சியோடு ஏறின விலை. சமையல்காரரைக் கொழும்பிலிருந்து எடுத்தார், அவர் பீட்சாவும் பாஸ்டாவும் படித்தவர். முக்கியமாக, மயோனைஸ் இல்லாமல் ஒருநாள் ஹம்முஸ் கொடுத்தபோது கசக்குது என்று திருப்பி அனுப்பினார்களாம். வெளிநாட்டிலிருந்து கோடை விடுமுறைக்கு வருகிறவர்கள் மட்டும்தான் சரியானதைக் கேட்கிறார்களாம், அவர்கள் ஆவணியோடு போய்விடுவார்கள்.

சின்னம்மா எள்ளைப் பற்றிச் சொன்னார். போறணையைப் பற்றி நான் சொன்னேன். பொடியன் உண்மையாகவே ஆர்வமாகக் கேட்டார். பிறகு, "நீங்கள் ஒரு நாளைக்கு வந்து எங்கட பொடியளுக்குக் காட்டித் தாங்கோவன் அன்ரி" என்றார்.

"வாறன் தம்பி. சம்பளம் எவ்வளவு தருவியள்?"

அவர் சிரித்தார். சின்னம்மா சிரிக்கவில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்காக அமைதியாக இருந்தார். "பாப்பம் அன்ரி, கதைப்பம்" என்று சொல்லி அவர் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டார்.

எனக்கு அந்தக் கேள்வி மிகச் சரியான கேள்வி. எங்கள் ஊர்களில் இருக்கிற இந்தப் பெண்களை நாங்கள் வெளிநாட்டுக்குப் போய்க் கஷ்டப்பட்டு வந்தவர்கள் என்று மட்டும்தான் பார்க்கிறோம். அவர்கள் அனுப்பின காசில் கட்டின வீட்டைப் பார்க்கிறோம், பிள்ளைகளைப் படிப்பித்ததைச் சொல்கிறோம், அவர்கள் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பதை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் பக்கத்து ஒழுங்கையில் ஒரு அக்கா குவைத்தில் ஆட்டிறைச்சியும் சோறும் மச்பூஸ் என்று சமைப்பார், சாப்பிட்டவர் மறக்கமாட்டார். இன்னொருவர் ரியாத்தில் பெரிய வீடொன்றில் இருந்தவர், அவருடைய கப்சா என்கிற இறைச்சிச் சோற்றுக்காகக் கலியாண வீட்டுக்குக் கூப்பிடுவார்கள், வேலை முடிய ஒரு சீலையைக் கொடுத்து அனுப்புவார்கள். காசு கொடுக்கிற யோசனை யாருக்கும் வருவதில்லை. கொழும்பிலிருந்து சமையல்காரரை எடுத்தால் சம்பளம், தங்குமிடம், மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போகப் பயணக் காசு எல்லாம் பேசிக் கொடுக்கிறோம். சான்றிதழ் இல்லை என்பது காரணமாக இருக்கலாம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. என்.வி.கியூ என்கிற தேசிய தொழில் தகைமையை, வகுப்புக்குப் போகாமல், ஏற்கெனவே தெரிந்த வேலையை மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்டியும் எடுக்கலாம், முன்கற்றலை அங்கீகரிக்கிற அந்த ஒழுங்கு சமையல் தொழிலுக்கும் உண்டு. வெளிநாடு போய் வந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தில் போய் விசாரியுங்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா வீட்டில் ஹம்முஸ் செய்தார். ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு கமக்காரரிடம் வாங்கின எள்ளு. எங்கள் எள்ளின் கோது கடுமை, ஊறவைத்துத் தேய்த்தும் முழுவதும் போகவில்லை, அதனால் விழுது கொஞ்சம் மங்கலாகத்தான் வந்தது, கைப்பும் ஒரு துளி கூட. ஒலிவ் எண்ணெய்க்குப் பதிலாக மேலே நல்லெண்ணெய் விட்டார், அதுவும் ஒரு கரண்டி மட்டும், கூடினால் அதன் வாசம் மற்றதை விழுங்கிவிடும். பெய்ரூட் ஹம்முஸ் இல்லை என்று அவரே சொன்னார். ஆனால் அந்தக் கடையில் நாங்கள் சாப்பிட்டதைவிட எவ்வளவோ மேல், வெந்நீரில் குழைத்துக் கல்லில் சுட்ட கோதுமை ரொட்டியோடு சித்தப்பா தொட்டுத் தொட்டு முடித்தார், சீனி அளவும் அடுத்த நாள் காலை ஏறவில்லை.

கடைக்காரர் தொலைபேசி எடுத்திருக்கிறார். ஒரு நாளைக்கு 1,500 ரூபா தருவதாகச் சொன்னாராம். "ஒரு மேசனுக்கு நாள் கூலி குடுக்கிறியள் எல்லோ தம்பி, அதைத் தாங்கோ, பஸ் காசும் தாங்கோ, வாறன்" என்று சின்னம்மா சொல்லியிருக்கிறார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னவர் இதை எழுதும்வரை திரும்ப எடுக்கவில்லை. எடுப்பார் என்றுதான் நினைக்கிறேன், அந்தத் தணலடிப் பிள்ளைக்குச் சின்னம்மா தேவை.

அதற்கிடையில் போகிறவர்கள் மீனையும் சுட்ட கத்தரிக்காயையும் ஃபலாஃபலையும் எடுங்கள், உள்ளிச் சோஸ் இரண்டு கிண்ணம் கேளுங்கள், ரொட்டிக்குப் பதிலாக வெள்ளைச் சோறு தருவார்கள். மீனுக்கு மத்தியானமே தொலைபேசியில் சொல்லி வையுங்கள், கரையிலிருந்து வருவது கொஞ்சம்தான், இரவு எட்டு மணிக்குப் போனால் முடிந்துவிட்டது என்பார்கள்.